வேலை முடிந்தது, பட்டை நகரவில்லை: ஜிரா ரிலீஸ் டாஷ்போர்டில் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

குழித்துறையில் காலை ரயிலைப் பிடித்தால் பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் சென்ட்ரல் தாண்டிக் கழக்கூட்டத்தில் இறங்க வேண்டும். உட்கார இடம் கிடைத்ததும் போனில் நான் முதலில் திறப்பது எங்கள் ரிலீஸ் டாஷ்போர்டைத்தான், அதாவது அடுத்து வெளியிடப்போகும் மென்பொருள் பதிப்பின் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று காட்டும் பக்கத்தை. டீமில் பாதிப் பேர் டெக்னோபார்க்கில், பாதிப் பேர் நாகர்கோவிலில். ஒருவர் மேசைக்கு மற்றவர் எழுந்து போய் "எது வரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்க வழியில்லை. அந்தக் கேள்விக்கு டாஷ்போர்டுதான் பதில் சொல்ல வேண்டும்.

அது தப்பாகப் பதில் சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன். நாகர்கோவிலில் இரண்டு பையன்கள் இரவு பதினோரு மணி வரை உட்கார்ந்து முடித்த வேலை, மறுநாள் காலை மீட்டிங்கில் சாம்பல் நிறத்தில் நின்றது. பெரிய திரையில் அதைப் பார்த்த மேலாளர், "என்ன மக்ளே, இன்னும் முடியல்லியா?" என்று கேட்டார். அந்தப் பையன்களின் முகத்தை நான் மறக்கவில்லை. வேலையில் ஒரு குறையும் இல்லை. ஒரு ஸ்டேட்டஸுக்குத் தப்பான வகை கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து நான் குறித்துவைத்தவை இவை. எல்லாம் டீமின் வேலைகளைப் பதிந்து பின்தொடரும் மென்பொருளான ஜிராவைப் பற்றியவை, அதிலும் கம்பெனி மேனேஜ்டு (அட்மின் அமைத்துத் தரும்) என்ற வகை புராஜெக்டைப் பற்றியவை. டீம் மேனேஜ்டு (டீமே அமைத்துக்கொள்ளும்) வகையில் சில அமைப்புகள் வேறு இடத்தில் இருக்கும். கிளவுட் பதிப்பில் இப்போது இஷ்யூவை, அதாவது ஒரு வேலைக்கான பதிவை, வொர்க் ஐட்டம் என்கிறார்கள். நாம் வாயில் சொல்கிறபடி டிக்கெட் என்றே எழுதுகிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஒரு டிக்கெட்டைத் திறங்கள்

வரைபடத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் காரணம் தெரியாது. உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு டிக்கெட்டை எடுங்கள். "இது முடிந்துவிட்டது, நானே சோதித்தேன்" என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். அது டாஷ்போர்டின் கணக்கில் இருக்கிறதா, இல்லையா? இல்லை என்றால் ஏன்? இந்த ஒற்றைக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் பத்தில் எட்டுக் கோளாறு கால் மணி நேரத்தில் பிடிபடும்.

டிக்கெட்டைத் திறந்ததும் ஐந்து விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஸ்டேட்டஸ் (எந்த நிலையில் இருக்கிறது), ரெசல்யூஷன் (எப்படித் தீர்ந்தது), ஃபிக்ஸ் வெர்ஷன் (எந்தப் பதிப்பில் வெளியாகும்), ஸ்பிரிண்ட் (எந்த வேலைச் சுற்று), ஸ்டோரி பாயிண்ட் (உழைப்பின் மதிப்பீடு). அப்புறம் ஹிஸ்டரியைத் திறந்து எது எப்போது மாறியது என்று பாருங்கள். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஐந்தில் ஏதோ ஒன்றில்தான் போய் நிற்கும்.

அறிகுறி: வேலை முடிந்தும் பட்டை நகரவில்லை

அதிகம் வருவது இதுதான், ஆட்களைக் காயப்படுத்துவதும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் காலை ஸ்டாண்டப் கூட்டத்தில் இரண்டு மொழி கலந்து ஓடும். கொல்லத்துக்காரர் "அது கழிஞ்ஞு" என்பார். நிரல் எழுதியாயிற்று என்று அர்த்தம். நாகர்கோவில் பையன் "முடிச்சாச்சு" என்பான். அவன் சொல்வது நிரல் ரிவ்யூவும் முடிந்த நிலை. டெஸ்டர் சேச்சி "சரியாயி" என்று சொன்னால் மட்டும்தான் அது சோதித்துத் தேறியது. மூன்று பேரும் உண்மைதான் சொல்கிறார்கள், ஆனால் ஒரே விஷயத்தைச் சொல்லவில்லை. ஜிராவுக்குள்ளும் இதே நிலைமைதான். அங்கே ஒரு டிக்கெட் "முடிந்தது" என்பதற்கு மூன்று வெவ்வேறு அளவுகோல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு ரிப்போர்ட்டும் தனக்குப் பிடித்த ஒன்றைப் பார்க்கிறது.

முதலாவது ஸ்டேட்டஸின் வகை. ஒவ்வொரு ஸ்டேட்டஸும் டு டூ (செய்ய வேண்டியது), இன் புராக்ரஸ் (நடக்கிறது), டன் (முடிந்தது) என்ற மூன்று வகைகளில் ஒன்றில் இருக்க வேண்டும். அவற்றின் நிறம் சாம்பல், நீலம், பச்சை. ரிலீஸ் பக்கத்தில் வெர்ஷனுக்குப் பக்கத்தில் தெரியும் பட்டை இந்த வகையைத்தான் எண்ணுகிறது. ஸ்டேட்டஸுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்பது அதற்குத் தேவையில்லை. எங்களுக்கு நடந்தது இதுதான். "ரிலீஸுக்குத் தயார்" என்று அட்மின் புதிதாக ஒரு ஸ்டேட்டஸ் சேர்த்தார். வகை கேட்ட இடத்தில் டு டூ என்று விட்டுவிட்டார். அந்த நிலைக்கு வந்த டிக்கெட் எல்லாம், தொடாத வேலைபோலச் சாம்பலுக்குப் போய்விட்டது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். டிக்கெட்டின் மேலே ஸ்டேட்டஸ் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முடிந்த வேலை பச்சையாக இல்லை என்றால் அட்மினிடம் வகையை மாற்றச் சொல்லுங்கள். ஒரே ஸ்டேட்டஸைப் பல புராஜெக்ட்டுகள் பங்கிட்டிருக்கலாம். மாற்றுவதற்கு முன் அந்த டீம்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது முறை.

இரண்டாவது ரெசல்யூஷன். இது ஸ்டேட்டஸிலிருந்து தனியான ஒரு புலம். டிக்கெட் பச்சைக்குப் போன பிறகும் ரெசல்யூஷன் காலியாகவே இருக்கலாம். காலியாக இருந்தால் ஜிராவின் பார்வையில் அது தீராத டிக்கெட்டுதான். கிரியேட்டட் வெர்சஸ் ரிசால்வ்டு என்ற கேட்ஜெட்டும் (டாஷ்போர்டில் வைக்கும் சிறு பெட்டி), "அன்ரிசால்வ்டு" என்று தேடும் ஃபில்டர்களும் (சேமித்துவைத்த தேடல்கள்) இதைத்தான் பார்க்கின்றன. பட்டியலில் டிக்கெட் எண்ணைப் பாருங்கள். ரெசல்யூஷன் இருந்தால் எண்ணின் மேல் கோடு அடித்திருக்கும். பச்சை நிறம் இருந்து கோடு இல்லை என்றால், வொர்க்ஃப்ளோவில் (டிக்கெட் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போகும் வழியமைப்பில்) அந்த நகர்வு ரெசல்யூஷனை நிரப்பவில்லை என்று பொருள். டன் நிலைக்குப் போகும் நகர்வில் ரெசல்யூஷனைத் தானாக நிரப்பும் போஸ்ட் ஃபங்ஷன் என்ற ஏற்பாட்டை அட்மின் சேர்க்க வேண்டும், அல்லது அந்த நகர்வில் ஒரு திரை வந்து கேட்க வேண்டும். பழைய டிக்கெட்டுகளுக்கு அது தானாக வராது, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒருமுறை நகர்த்தி எடுக்க வேண்டும்.

இதன் தலைகீழும் உண்டு. வேலை நடந்துகொண்டிருக்கும் டிக்கெட் மேல் கோடு விழுந்திருக்கும். இதற்கு நான் பார்த்த காரணங்கள் மூன்று. முடித்த டிக்கெட்டை மறுபடி திறந்தபோது ரெசல்யூஷனை அழிக்கும் ஏற்பாடு வொர்க்ஃப்ளோவில் இல்லை. அல்லது எடிட் திரையில் ரெசல்யூஷன் புலத்தை வைத்துவிட்டார்கள், யாரோ தலைப்பில் எழுத்துப்பிழை திருத்தப் போனபோது அதுவும் சேர்ந்து நிரம்பிவிட்டது. அல்லது ரெசல்யூஷன் பட்டியலில் "அன்ரிசால்வ்டு" என்று ஒரு மதிப்பையே புதிதாகச் சேர்த்துவிட்டார்கள். கடைசியாகச் சொன்னது பார்க்க நல்ல எண்ணம்போலத் தெரியும், ஆனால் மிக மோசமானது. புலத்தில் எந்தச் சொல் இருந்தாலும் ஜிராவுக்கு அது "தீர்ந்தது"தான், அந்தச் சொல்லே "தீரவில்லை" என்று சொன்னாலும்கூட.

மூன்றாவது, போர்டின், அதாவது டிக்கெட்டுகளை நிலைவாரியாக நெடுவரிசைகளில் காட்டும் பலகையின், வலக்கோடி நெடுவரிசை. பர்ன்டவுனும் (ஸ்பிரிண்ட்டில் மீதமிருக்கும் வேலை நாளுக்கு நாள் குறைவதைக் காட்டும் வரைபடம்) ஸ்பிரிண்ட் ரிப்போர்ட்டும் வகையையும் பார்ப்பதில்லை, ரெசல்யூஷனையும் பார்ப்பதில்லை. உங்கள் போர்டில் கடைசியாக வலப்பக்கம் இருக்கும் நெடுவரிசைக்கு டிக்கெட் வந்துவிட்டதா என்பது மட்டுமே அவற்றுக்குக் கணக்கு. டன் நெடுவரிசைக்கு வலப்பக்கத்தில் "புரொடக்ஷனில்" என்று இன்னொன்றைச் சேர்த்தால், அதுவரை முடிந்ததாக இருந்த வேலையெல்லாம் பர்ன்டவுனில் முடியாததாகிவிடும். கோடு ஸ்பிரிண்ட் முழுக்கக் கூரைபோல மேலேயே நிற்கும். தீர்வு இரண்டில் ஒன்று. அந்த ஸ்டேட்டஸை டன் நெடுவரிசைக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். அல்லது ஸ்பிரிண்ட்டுக்கு ஒரு போர்டு, வெளியீட்டுப் பணிக்கு ஒரு போர்டு என்று இரண்டாக வையுங்கள். எங்களுக்கு இரண்டாவது வழிதான் ஒத்துவந்தது.

இந்த மூன்றையும் ஒருமுகப்படுத்துவதற்கு முன்னால் டீம் உட்கார்ந்து பேச வேண்டியது ஒன்று உண்டு: நமக்கு "முடிந்தது" என்றால் என்ன? ஸ்பிரிண்ட் முறையை வகுக்கும் ஸ்க்ரம் கையேட்டின் 2020 பதிப்பு, டெஃபினிஷன் ஆஃப் டன் ("முடிந்தது" என்பதன் வரையறை) என்பதை இன்கிரிமென்ட்டுக்கான (முடித்துத் தரும் பகுதிக்கான) உறுதிமொழி என்றே வைக்கிறது. எங்கள் டீமில் அதை டெஸ்டர் சேச்சியின் "சரியாயி" என்று வைத்துக்கொண்டோம். அப்புறம்தான் அட்மினிடம் போனோம். பேசாமல் அமைப்பை மட்டும் மாற்றினால், அடுத்த மாதம் இன்னொருவர் தன் அர்த்தத்துக்கு ஏற்ப மாற்றுவார்.

அறிகுறி: பட்டை 95 சதவீதம் காட்டுகிறது, ரிலீஸ் அருகில்கூட இல்லை

பட்டை எண்ணுவது டிக்கெட்டுகளை, உழைப்பை அல்ல. நாற்பது டிக்கெட்டில் முப்பத்தெட்டு முடிந்தால் 95 சதவீதம். மீதி இரண்டில் ஒன்று எழுத்துப்பிழையாகவும் மற்றொன்று முழு டேட்டா மைக்ரேஷனாகவும் இருக்கலாம். பட்டைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே பட்டையோடு சேர்த்து, மீதமிருக்கும் டிக்கெட்டுகளைப் பெயரோடும் பாயிண்ட்டோடும் காட்டும் ஒரு ஃபில்டர் ரிசல்ட்ஸ் கேட்ஜெட்டை அதன் அருகிலேயே வையுங்கள். மேலாளர்கள் அதைத்தான் அதிகம் படிக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

இதைவிட ஆபத்தானது கணக்குக்குள்ளேயே வராத வேலை. ஃபிக்ஸ் வெர்ஷன் காலியாக இருக்கும் டிக்கெட் எந்த ரிலீஸ் பட்டையிலும் இடம்பெறாது. அஃபெக்ட்ஸ் வெர்ஷன் என்ற புலத்தில் 3.2 என்று எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. அது பிழை எந்த வெர்ஷனில் தென்பட்டது என்று சொல்லும் புலம். எந்த வெர்ஷனில் திருத்திக் கொடுக்கப்போகிறோம் என்பதற்கு ஃபிக்ஸ் வெர்ஷன்தான்.

விடுபட்டவற்றைத் தேடும்போது ஒரு பொறி இருக்கிறது. "ஃபிக்ஸ் வெர்ஷன் 3.2 அல்லாதவை" என்று தேடினால் காலியாக இருப்பவையும் வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வராது. சமமில்லை என்ற குறி, மதிப்பு உள்ளவற்றை மட்டுமே பார்க்கும். "ஃபிக்ஸ் வெர்ஷன் காலி" என்பதை "அல்லது" போட்டுத் தனியாகச் சேர்க்க வேண்டும். எங்கள் 3.2 ரிலீஸுக்கு முந்தைய வாரம் இதைச் சேர்த்துத் தேடியபோது, ஸ்பிரிண்ட்டில் இருந்தும் எந்த வெர்ஷனிலும் இல்லாத பதினொரு டிக்கெட் கிடைத்தது. அதில் ஒன்று, ரசீதில் வரித்தொகை இரண்டு முறை அச்சாகும் பிழை. அது கண்ணில் படாமல் போயிருந்தால் வாடிக்கையாளர் கடையில்தான் தெரிந்திருக்கும்.

சப்டாஸ்க் (ஒரு டிக்கெட்டின் கீழ் வரும் துண்டு வேலை) விஷயமும் இங்கேதான் வரும். தாய் டிக்கெட்டின் ஸ்பிரிண்ட் சப்டாஸ்க்குக்குத் தானாக வரும், ஃபிக்ஸ் வெர்ஷன் வராது. எல்லாச் சப்டாஸ்க்குக்கும் வெர்ஷன் போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பது என் கருத்து. ஏழு சப்டாஸ்க் உள்ள ஒரு ஸ்டோரி (தாய் டிக்கெட்) எட்டு டிக்கெட்டாக எண்ணப்பட்டுப் பட்டையைச் சாய்த்துவிடும். அதற்குப் பதில் சப்டாஸ்க் முடியாமல் ஸ்டோரியை மூடவிடாத நிபந்தனையை வொர்க்ஃப்ளோவில் போடச் சொல்லுங்கள். ஜிராவில் அது தயாராகவே இருக்கிறது.

விடுபட்டவற்றுக்கு மொத்தமாக வெர்ஷன் போடும்போது ஒரு எச்சரிக்கை. பல்க் சேஞ்சில் "இருப்பதோடு சேர்" என்பதும் "எல்லாவற்றையும் மாற்று" என்பதும் ஒரே பெட்டியில் அடுத்தடுத்து இருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் பழைய வெர்ஷன் பெயர்கள் போய்விடும், முன்பு வெளியிட்ட ரிலீஸின் கணக்கும் கலைந்துவிடும். அழுத்துவதற்கு முன் இரண்டு முறை படியுங்கள்.

அறிகுறி: பர்ன்டவுன் கோடு படுத்துக் கிடக்கிறது, அல்லது மேலே ஏறுகிறது

படுத்துக் கிடந்தால் முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். எல்லையின் இரு பக்கமும் வேலை செய்கிற டீமுக்கு இது தனிப் பாடம். 2025இல் திருவோணம் செப்டம்பர் 5, வெள்ளிக்கிழமை. அந்த வாரத்தில் டெக்னோபார்க் பக்கம் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். கன்னியாகுமரி மாவட்டத்திலும் திருவோணத்துக்கு உள்ளூர் விடுமுறை உண்டு, ஆனால் ஒரு நாள்தான். ஜனவரியில் கதை திரும்பும். பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள் என்று நாகர்கோவில் பக்கம் மூன்று நாள் போகும். திருவனந்தபுரம், பாலக்காடு, இடுக்கி போன்ற மாவட்டங்களில் பொங்கலுக்கு ஒரு நாள் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம்தான், என்றாலும் ஐடி நிறுவனங்கள் தத்தம் பட்டியலைத்தான் பின்பற்றுகின்றன. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்குக் குமரி மாவட்டத்தில் விடுமுறை. ஆற்றுகால் பொங்கலையன்று திருவனந்தபுரத்தில் விடுமுறை. ஆபீஸ் திறந்திருந்தாலும் நகரத்துக்குள் வந்து சேர முடியாது.

போர்டு அமைப்பில் வொர்க்கிங் டேஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறது. வாரத்தில் எந்தெந்த நாள் வேலை, எந்தெந்தத் தேதி விடுமுறை என்று அங்கே கொடுக்கலாம். கொடுத்தால் சாம்பல் நிற வழிகாட்டிக் கோடு அந்த நாட்களில் கீழே இறங்காமல் சமமாகப் போகும், சிவப்புக் கோடு பின்தங்கியதாகத் தெரியாது. ஆண்டின் முதல் வாரத்திலேயே ஒருவர் உட்கார்ந்து எல்லாத் தேதியையும் போட்டுவிட வேண்டும். எங்கள் டீமில் அதை நான் செய்கிறேன்.

ஆனால் அந்தப் பக்கம் போர்டு முழுக்க ஒன்றுதான். இவருக்கு விடுமுறை, அவருக்கு வேலை நாள் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பாதி டீம் மட்டும் இல்லாத நாளை விடுமுறை என்று குறித்தால் வேலை செய்த மற்ற பாதியின் உழைப்பு விடுமுறை நாளில் நடந்ததாக விழும். வேலை நாள் என்று விட்டால் கோடு பின்தங்கும். நாங்கள் எடுத்த முடிவு இது: இரு பக்கமும் சேர்ந்து விடுமுறையாக இருக்கும் நாளை மட்டும் குறிப்பது, ஒரு பக்க விடுமுறைக்கு அந்த ஸ்பிரிண்ட்டில் எடுக்கும் பாயிண்ட்டைக் குறைப்பது, குறைத்த காரணத்தை ஸ்பிரிண்ட் கோல் (இலக்கு) என்ற புலத்தில் ஒரு வரி எழுதுவது. ஓணம் வாரத்து வரைபடத்தைப் பிப்ரவரியில் யாராவது திறந்து பார்க்கும்போது அந்த ஒரு வரி போதும், யாரும் சோம்பேறி என்று பெயர் வாங்க மாட்டார்கள்.

கோடு மேலே ஏறினால் ஸ்பிரிண்ட் தொடங்கிய பிறகு வேலை சேர்ந்திருக்கிறது. வரைபடத்தின் கீழே இருக்கும் அட்டவணையில் ஸ்கோப் சேஞ்ச் என்று தேதி, நேரம், டிக்கெட் எண்ணோடு வரும். புது டிக்கெட் வந்தது மட்டும் காரணம் என்று நினைக்க வேண்டாம். பாயிண்ட் போடாமல் ஸ்பிரிண்ட்டைத் தொடங்கிவிட்டு மறுநாள் பாயிண்ட் போட்டாலும் அது ஸ்கோப் மாற்றம்தான். திங்கள் காலை பத்து மணிக்கு ஸ்டார்ட் அழுத்திவிட்டுப் பதினொரு மணிக்கு எஸ்டிமேஷன் மீட்டிங் வைக்கும் டீம்களில் ஒவ்வொரு ஸ்பிரிண்ட்டும் மலை ஏறித்தான் தொடங்கும். வரிசையை மாற்றினால் சரியாகிவிடும்.

கடைசி நாளில் மட்டும் செங்குத்தாக விழுந்தால், எல்லாரும் வியாழன் இரவு வரை காத்திருந்து மொத்தமாக டிக்கெட்டை நகர்த்துகிறார்கள் என்று பொருள். இதில் ஜிராவின் குற்றம் ஒன்றும் இல்லை. ஸ்டாண்டப்பில் போர்டைத் திரையில் போட்டுவைத்து, பேசப் பேச அவரவர் டிக்கெட்டை அவரவரே நகர்த்தச் சொல்லுங்கள். சப்டாஸ்க்கில் போட்ட பாயிண்ட்டைப் பர்ன்டவுன் சேர்த்துக்கொள்ளாது என்பதையும் பாயிண்ட் போடுகிறவர்களிடம் சொல்லிவையுங்கள்.

அறிகுறி: இருவர் பார்க்கிறார்கள், இரண்டு எண் தெரிகிறது

"எனக்கு 14, உங்களுக்கு எப்படி 9?" இந்தச் சண்டை வந்தால், இருவரும் ஒரே ஃபில்டரைத் திறந்து டிக்கெட் எண்களை வரிசையாக ஒப்பிடுங்கள். எந்த ஐந்து குறைகிறது என்று தெரிந்தால் பாதி முடிந்தது.

அந்த ஐந்தும் ஒருவருக்கு அனுமதியில்லாத புராஜெக்டிலோ, செக்யூரிட்டி லெவல் வைத்த டிக்கெட்டிலோ இருந்தால் அது அனுமதி விஷயம். கேட்ஜெட் எப்போதும் பார்க்கிறவரின் அனுமதியை வைத்துத்தான் எண்ணும், செய்தவரின் அனுமதியை வைத்து அல்ல. ஃபில்டருக்குள் கரண்ட் யூசர் என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஒவ்வொருவருக்கும் அவரவர் டிக்கெட்டுதான் வரும். டீம் டாஷ்போர்டில் அதை வைக்கவே கூடாது. எண்ணுக்குப் பதில் பிழைச் செய்தி வந்தால், டாஷ்போர்டைப் பகிர்ந்துவிட்டு அதன் ஃபில்டரைப் பகிராமல் விட்டிருக்கிறீர்கள். இரண்டையும் தனித்தனியாகப் பகிர வேண்டும்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் இருந்தால் நேர மண்டலமும் கலகம் செய்யும். "இன்று மூடியவை" என்று எழுதிய ஃபில்டர், பார்க்கிறவருடைய கணக்கில் இருக்கும் நேர மண்டலத்தின்படி இன்று எப்போது தொடங்கியது என்று பார்க்கும். லண்டன் குளிர்காலத்தில் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு நாகர்கோவிலில் மூடிய டிக்கெட் நமக்கு இன்று, அவர்களுக்கு நேற்று. நாள் கணக்கை விட்டு வெர்ஷன் கணக்குக்கோ ஸ்பிரிண்ட் கணக்குக்கோ மாறினால் இந்தத் தகராறே எழாது.

இது எதுவும் இல்லை என்றால் பக்கத்தை ஒருமுறை ரெஃப்ரெஷ் செய்யுங்கள். தானாகப் புதுப்பிக்கச் சொன்னாலும் கேட்ஜெட் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும்.

அறிகுறி: ரிலீஸ் செய்த மறுநாள் டாஷ்போர்டு காலி

ஃபில்டரில் அன்ரிலீஸ்டு வெர்ஷன்ஸ் என்ற ஃபங்ஷன் இருந்தால் இது இயல்பு. ரிலீஸ் பொத்தானை அழுத்திய நிமிடமே அந்த வெர்ஷன் பட்டியலைவிட்டு வெளியேறிவிடும். முடிந்த ரிலீஸைத் திரும்பிப் பார்க்க, வெர்ஷன் பெயரை நேரடியாக எழுதிய தனி ஃபில்டர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிண்ட் இல்லாமல் ஓடும் கான்பன் போர்டில் இது கவலைக்குரியது. அந்தப் போர்டில் எது தெரிய வேண்டும் என்று மேலும் வடிகட்டும் சப் ஃபில்டர், வெர்ஷன் இல்லாதவற்றையும் இன்னும் வெளியாகாத வெர்ஷனில் உள்ளவற்றையும் மட்டுமே காட்டும்படி வரும். முடியாத மூன்று டிக்கெட்டை வைத்துக்கொண்டு வெர்ஷனை வெளியிட்டால், அந்த மூன்றும் போர்டிலிருந்து மறைந்துவிடும். வேலை இருக்கிறது, ஆனால் யார் கண்ணிலும் படாது. வெளியிடும்போது ஜிரா கேட்கத்தான் செய்கிறது: முடியாதவற்றை அடுத்த வெர்ஷனுக்கு நகர்த்தவா, அப்படியே விடவா என்று. அவசரத்தில் "விடு" என்று அழுத்திவிடுகிறோம். வெளியான வெர்ஷனில் ரெசல்யூஷன் காலியாக உள்ள டிக்கெட்டுகளைத் தேடிப் பாருங்கள், தொலைந்தவை எல்லாம் அங்கே இருக்கும். ஏதாவது ஸ்டேட்டஸ் எந்த நெடுவரிசையிலும் சேராமல் இருந்தாலும் டிக்கெட் போர்டில் தெரியாது என்பதையும் கூடவே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. "அடுத்து வரும் வெர்ஷன்" என்று எர்லியஸ்ட் அன்ரிலீஸ்டு வெர்ஷன் ஃபங்ஷனை வைத்திருந்தால், அது தேதியைப் பார்க்காது. ரிலீஸ் பக்கத்தில் வெர்ஷன்களை எந்த வரிசையில் அடுக்கியிருக்கிறீர்களோ அந்த வரிசையைத்தான் பார்க்கும். 3.3ஐ உருவாக்கிய பிறகு அவசரத் திருத்தத்துக்கு 3.2.1 உருவாக்கினோம். டாஷ்போர்டு இரண்டு நாள் 3.3ஐயே காட்டிக்கொண்டிருந்தது. பட்டியலில் இழுத்து இடம் மாற்றியதும் சரியானது.

அறிகுறி: பாயிண்ட் எல்லாம் பூஜ்யம்

இரண்டு புராஜெக்ட் சேர்ந்த ரிலீஸ் என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்: கம்பெனி மேனேஜ்டு புராஜெக்டில் ஸ்டோரி பாயிண்ட்ஸ் என்று ஒரு புலம், டீம் மேனேஜ்டு புராஜெக்டில் ஸ்டோரி பாயிண்ட் எஸ்டிமேட் என்று இன்னொரு புலம். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு. ஒன்றை எண்ணும் கேட்ஜெட்டுக்கு மற்றது தெரியாது. ஒரு ரிலீஸில் சேரும் புராஜெக்ட்டுகளை ஒரே வகையில் வைப்பதே நிம்மதி.

அறிகுறி: வெர்ஷன் ரிப்போர்ட் சொல்லும் தேதி ஓடிக்கொண்டே இருக்கிறது

அந்தத் தேதி, டீம் இதுவரை போன வேகத்தையும் மீதமிருக்கும் பாயிண்ட்டையும் வைத்துக் கணக்கிட்டது. பாயிண்ட் போடாத டிக்கெட் அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே பாயிண்ட் போடப் போடத் தேதி தள்ளிப்போகும். இது கோளாறு அல்ல, உண்மை மெல்ல வெளியே வருகிறது. ரிப்போர்ட்டின் கீழே எஸ்டிமேட் இல்லாதவை என்று தனிப் பட்டியல் இருக்கும். அது காலியாகும் வரை அந்தத் தேதியை வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள். ஓணமோ பொங்கலோ நடுவில் வந்த ஸ்பிரிண்ட் வேகத்தைக் குறைத்துக் காட்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அட்மினிடம் போகும்போது

ஸ்டேட்டஸ் வகை, வொர்க்ஃப்ளோ, அனுமதி ஆகியவை அட்மின் கையில். "டாஷ்போர்டு வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் பதில் வர ஒரு வாரம் ஆகும். நாங்கள் அனுப்புவது இப்படி இருக்கும்: "டிக்கெட் 418. ஸ்டேட்டஸ் ரிலீஸுக்குத் தயார். ரெசல்யூஷன் டன். ஃபிக்ஸ் வெர்ஷன் 3.2. ரிலீஸ் பட்டையில் சாம்பலாக எண்ணப்படுகிறது, பச்சையாக எண்ணப்பட வேண்டும். ஸ்டேட்டஸின் வகை டு டூ என்று இருக்கிறது, டன் என்று மாற்றித் தரவும். இந்த ஸ்டேட்டஸைப் பயன்படுத்தும் மற்ற இரண்டு டீமிடமும் கேட்டுவிட்டோம், சம்மதம்." காலை ஒன்பதரைக்கு அனுப்பினோம். மதியச் சாப்பாட்டுக்கு முன் பட்டை பச்சையானது. நாகர்கோவில் பையன்களுக்குத் திரையைப் படம் பிடித்து அனுப்பினேன்.